மட்டாஞ்சேரியில் ஒரு சேலம்

லாரித் தொழிலில் இருந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எண்பதுகளில் சங்ககிரியில் ஒரு லாரி ஆபீசில் கணக்கு எழுதியவன் நாற்காலியிலேயே உட்கார்ந்து சம்பளம் வாங்க முடியாது. மாதம் ஒரு தடவையாவது வாடகை பாக்கி வசூலுக்கு வெளியூர் போயாக வேண்டும். அப்படித்தான் 1983இல் ஒரு நாள், எங்கள் வண்டி ஒன்றிலேயே ஏறி, பவானி, பெருந்துறை, கோவை, பாலக்காடு வழியாகக் கொச்சி போய் மட்டாஞ்சேரியில் இறங்கினேன். மிளகும் சுக்கும் ஏலக்காயும் மூட்டை மூட்டையாக அடுக்கிய மண்டித் தெரு. மூக்கில் காரம் ஏறித் தும்மிக்கொண்டே நடந்தேன்.

மண்டிக்காரர் வழக்கம்போல "சாயங்காலம் வாங்க" என்று சொல்லிவிட்டார். வெளியே சுமை தூக்கும் ஆட்களோடு நின்று டீ குடித்துக்கொண்டிருந்தபோது, அவர்கள் பேச்சில் 'சலேம் குன்னு' என்று ஒரு பெயர் அடிபட்டது. என் காதில் அது 'சேலம் குன்று' என்றே விழுந்தது. "அங்கே எங்க ஜில்லாக்காரங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார்கள். அது ஊரின் பெயரில்லை, ஆளின் பெயர். சலேம் என்று ஒரு யூத வக்கீல் இருந்தாராம். அந்த மேட்டில் நின்றுதான் கூட்டம் பேசுவாராம். காலமாகிப் பல வருஷம் ஆகிறது என்றார்கள்.

யூதர்கள் என்றால் பைபிள் கதைகளில் வருபவர்கள், ஹிட்லரிடம் மாட்டியவர்கள் என்ற அளவில்தான் எனக்குத் தெரியும். நம் பக்கத்தில், லாரி போய் ஒரே நாளில் சேரும் தூரத்தில் அவர்கள் இருக்கிறார்கள் என்பது புதுச் செய்தியாக இருந்தது. பொழுது போக வேண்டுமே என்று அந்தத் தெருவுக்கு நடந்தேன். ஒரு வீட்டின் ஜன்னல் ஓரத்தில் சின்னக் குல்லாய் போட்ட பெரியவர் ஒருவர், தடித்த புத்தகம் ஒன்றை வாய் அசைத்துப் படித்துக்கொண்டிருந்தார். எழுத்து வலமிருந்து இடமாக ஓடியது. நான் நின்று பார்ப்பதைக் கண்டு, எந்த ஊர் என்று மலையாளத்தில் விசாரித்தார். சேலம் ஜில்லா என்றேன். அவருக்கும் சிரிப்பு வந்தது.

எத்தனை வருஷமாக இந்தப் புத்தகத்தைப் படிக்கிறீர்கள் என்று கேட்டேன். ஐந்து வயதிலிருந்து என்றார். "இன்னும் முடியலீங்களா?" என்று விளையாட்டாகக் கேட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. வருஷா வருஷம் முடிக்கிறோம், முடித்த அன்றைக்கே முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பிக்கிறோம், நடுவில் ஒரு நாள்கூட இடைவெளி விடக்கூடாது என்றார்.

சாயங்காலம் பாக்கி வசூலாகவில்லை. அந்தப் பதில் மட்டும் என்னோடு சங்ககிரி வந்து சேர்ந்தது. ஓய்வு பெற்ற பிறகுதான் அதைப் பற்றித் தேடிப் படிக்க நேரம் கிடைத்தது. படித்ததில் உங்களோடு பகிர்ந்துகொள்ளத் தக்கதைச் சொல்கிறேன்.

பெரியவர் சொன்னது தோராவை. மோசேயின் ஐந்து நூல்கள். யூதர்கள் அதை 54 பகுதிகளாகப் பிரித்து, வாரம் ஒன்றாகச் சனிக்கிழமைகளில் பள்ளியில் வாசித்து, ஒரு வருஷத்தில் முடிக்கிறார்கள். கடைசிப் பகுதி முடியும் நாள் 'சிம்ஹத் தோரா' என்ற பண்டிகை. கடைசி வரியை வாசித்த கையோடு வேறொரு சுருளைப் பிரித்து, உலகம் படைக்கப்பட்ட கதையை முதலிலிருந்து தொடங்கிவிடுவார்கள். கொச்சியில் இது பெரிய திருவிழா. நம் ஊரில் உற்சவரைச் சுற்றி எடுத்து வருவதுபோல அங்கே புத்தகச் சுருளை எடுத்துச் சுற்றி வருவார்கள்.

கல்வி அவர்களுக்கு ஒரு மதக் கடமை. பிள்ளைக்குத் தோரா கற்றுக்கொடுப்பது தகப்பன்மேல் விழுந்த கடன். தகப்பன் இல்லாத பிள்ளை என்ன செய்யும் என்ற கேள்வி வந்து, ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே யெகோசுவா பென் கம்லா என்ற தலைமைக் குரு, ஊர்தோறும் ஆசிரியரை வைத்து ஆறு, ஏழு வயதில் பிள்ளைகளைச் சேர்க்க ஏற்பாடு செய்தார் என்று அவர்களுடைய தால்முத் சொல்கிறது. ஓர் ஆசிரியருக்கு 25 பிள்ளைகள் என்று கணக்கும் போட்டிருக்கிறார்கள். நம் பள்ளிக்கூடங்களில் ஒரு வகுப்பில் அறுபது பேர் நெருக்கி உட்கார்ந்ததை நினைத்துக்கொண்டேன்.

பெரியவர்களுக்கும் விலக்கு இல்லை. ஏழையானாலும், நோயாளியானாலும், தள்ளாத வயதானாலும் பகலில் கொஞ்சம், இரவில் கொஞ்சம் படித்தே தீர வேண்டும், சாகும் நாள் வரைக்கும் இந்தக் கடமை உண்டு என்பது 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மைமோனிதிஸ் என்ற பேரறிஞர் வகுத்த சட்டம். தாமதமாகத் தொடங்கியவருக்கு அவர்கள் காட்டும் உதாரணம் அகிவா. எழுத்தே தெரியாத ஆளாக இருந்து, நாற்பது வயதில் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்கத் தொடங்கி, பின்னால் மாபெரும் ஆசானானவர்.

இன்றைக்கும் நடக்கும் ஒரு சங்கதி. பாபிலோனிய தால்முத் மொத்தம் 2,711 ஏடு. தினம் ஓர் ஏடு, உலகம் முழுக்க ஒரே நாளில் ஒரே ஏடு என்று 1923இல் மெயிர் ஷபிரோ என்ற ரப்பி ஒரு திட்டம் போட்டார். முடிக்க ஏழரை வருஷம் பிடிக்கும். முடித்ததும் முதலிலிருந்து. பதிமூன்றாவது சுற்று 2020 ஜனவரியில் முடிந்தது. நியூயார்க்கில் இருக்கும் டாக்டரும், ஜெருசலேமில் இருக்கும் பஸ் டிரைவரும் ஒரே நாளில் ஒரே பக்கத்தைப் படித்துக்கொண்டிருப்பார்கள். நம்மில் எத்தனை பேர் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைப் பழைய பேப்பர் கடையில் போட்ட அன்றோடு படிப்பை முடித்துக்கொண்டோம் என்று எண்ணிப் பாருங்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். கணக்கு நோட்டைத் தவிர முப்பது வருஷம் வேறு எதையும் ஒழுங்காகப் படிக்கவில்லை.

இங்கே ஒரு சொல்லைக் கவனியுங்கள். கொச்சியில் யூதர் ஆலயத்துக்குப் பெயர் 'ஜூதப்பள்ளி'. மலையாளத்தில் மசூதியும் பள்ளி, கிறிஸ்தவக் கோயிலும் பள்ளி, பள்ளிக்கூடமும் பள்ளி. நம் பழைய தமிழில் சமணர் இருப்பிடமும் பள்ளிதான். ஐரோப்பிய யூதர்கள் தங்கள் இத்திஷ் மொழியில் ஆலயத்தை 'ஷூல்' என்பார்கள். அதற்கும் பள்ளிக்கூடம் என்றே பொருள். எங்கோ இருக்கும் இரண்டு மொழிகள், கும்பிடும் இடத்துக்கும் படிக்கும் இடத்துக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கின்றன.

பள்ளியில் வாசிக்கும் தோரா அச்சுப் புத்தகம் அல்ல. தோலில் கையால் எழுதிய சுருள். அதில் உயிர்க்குறிகள் இருக்காது, நிறுத்தக் குறிகள் இருக்காது, ராகக் குறிகளும் இருக்காது. மெய்யெழுத்துகள் மட்டுமே. நம் ஓலைச்சுவடிகளைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். ஓலை கிழிந்துவிடும் என்று புள்ளி வைக்கமாட்டார்கள். அது 'க்' என்றும் 'க' என்றும் படிக்கிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தோராச் சுருளும் அப்படித்தான். முன்கூட்டியே பாடமாக்கி வைத்திருப்பவன்தான் அதை ராகத்தோடு வாசிக்க முடியும். பொருள் மாறும்படி ஒரு சொல் பிழைத்தால், கேட்டுக்கொண்டிருப்பவர்கள் அங்கேயே உரக்கத் திருத்துவார்கள். வாசித்தவர் திரும்பச் சரியாக வாசிக்க வேண்டும். இதில் யாருக்கும் மானக்குறைவு கிடையாது. இப்படிச் சபையில் வாசிக்கக் குறைந்தது பத்து ஆண்கள் கூட வேண்டும். ஒன்பது பேர் மகா பண்டிதர்களாக இருந்தாலும் பத்தாவது ஆள் வராமல் சுருளைப் பிரிக்க முடியாது. இந்தப் பத்துக் கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இனிக் கொச்சிக்கு வருவோம். கி.பி. 1000ஐ ஒட்டி, சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்குச் செப்பேடு வழங்கினான். 72 உரிமைகளும் அஞ்சுவண்ணம் என்ற வணிகர் அமைப்பின் தலைமையும் அதில் அவருக்குத் தரப்பட்டன. பல்லக்கு, பகல் விளக்கு, குடை என்று பட்டியல் போகிறது. அந்தச் செப்பேட்டின் எழுத்து வட்டெழுத்து. தர்மபுரி, செங்கம் பக்கத்து நடுகற்களில் நாம் பார்க்கிறோமே, அதே எழுத்து வகைதான்.

அவர்களுடைய பழைய இருப்பிடம் கொடுங்கல்லூர். 1524இல் அங்கே நடந்த தாக்குதலுக்குப் பிறகும், போர்ச்சுக்கீசியர் தொல்லையாலும் கொச்சிக்கு வந்து சேர்ந்தார்கள். கொச்சி ராஜா தன் அரண்மனைக்கும் அம்மன் கோயிலுக்கும் ஒட்டினாற்போல இடம் கொடுத்தார். 1568இல் பரதேசிப் பள்ளி எழுந்தது. ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டவர்களும் பிற வெளிநாட்டு யூதர்களும் வந்து கலந்ததால் 'பரதேசி' என்ற பெயர். 1662இல் போர்ச்சுக்கீசியர் அதைக் கொளுத்தினார்கள். அடுத்த வருஷம் டச்சுக்காரர் கொச்சியைப் பிடித்ததும் நிலைமை மாறிப் பள்ளி புதுப்பிக்கப்பட்டது.

டச்சு ஆட்சியால் அவர்களுக்குக் கிடைத்த பெரிய லாபம் புத்தகம். 1686இல் ஆம்ஸ்டர்டாம் யூதர்கள், மோசே பெரெய்ரா டி பாய்வா தலைமையில் ஒரு குழுவை அனுப்பிக் கொச்சி யூதர்களைப் பார்த்து வரச் செய்தார்கள். பிறகு அங்கிருந்து எபிரேயப் புத்தகங்கள் கப்பலில் வந்தன. மிளகு போன வழியில் புத்தகம் வந்தது. 18ஆம் நூற்றாண்டில் கொச்சி யூதர்களின் வழிபாட்டு முறைப்படியான பிரார்த்தனை நூல்களே ஆம்ஸ்டர்டாமில் அச்சாயின. அந்தக் காலத்துப் பெரும் வணிகர் எசக்கியேல் ரஹபி 1760இல் பள்ளிக்கு மணிக்கூண்டு கட்டினார். அதன் ஒரு முகத்தில் எபிரேய எண்கள், இன்னொரு முகத்தில் மலையாள எண்கள்.

இவ்வளவு காலமும் கொச்சியில் பட்டம் பெற்ற ரப்பி என்று யாரும் இருந்ததில்லை என்பதுதான் வியப்பு. சமூகத் தலைவருக்குப் பெயர் முதலியார். ஆம், நம் முதலியார் என்ற சொல்லேதான், ராஜா கொடுத்த பட்டம். வழிபாட்டை நடத்த ஒருவர், முறைப்படி ஆடு கோழி அறுக்க ஒருவர் இருந்தார்கள். மற்றபடி வேதம் தெரிந்த குரு ஒருவர் தலைமேல் பாரத்தைப் போட்டுவிட்டு மற்றவர்கள் சும்மா இருக்க வழியில்லை. மிளகு வியாபாரியும், எண்ணெய்க் கடைக்காரரும், மீன்வலை பின்னுகிறவரும் தாங்களே படித்தாக வேண்டும். அதனால்தான் அது ஆயிரம் வருஷம் அறுபடாமல் நின்றது என்று எனக்குத் தோன்றுகிறது.

பெண்களையும் சொல்ல வேண்டும். உலகின் பல இடங்களில் யூதப் பெண்களுக்கு இந்தப் படிப்பில் பங்கு குறைவு. கொச்சிப் பெண்கள் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். ஆதியாகமக் கதைகளையும், கல்யாண வாழ்த்துகளையும், பள்ளி கட்டிய வரலாற்றையும் மலையாளப் பாட்டுகளாக நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்து, தாய் மகளுக்கும் பாட்டி பேத்திக்குமாகக் கொடுத்து வந்தார்கள். ஆண்கள் இருக்கும் சபையிலேயே பாடினார்கள். அந்தப் பாட்டுகளின் தொகுப்பு ஒன்று 2005இல் ஜெருசலேமில் மலையாளமும் எபிரேயமுமாக அச்சானது. தலைப்பு 'கார்குழலி'. மொழிபெயர்க்காமலே நமக்குப் புரிகிறது அல்லவா?

இதுவரை சொன்னது பெருமைக் கதை. இதோடு நிறுத்தினால் நான் பாதிதான் சொன்னவன் ஆவேன்.

கொச்சி யூதர்களுக்குள் மூன்று தட்டு இருந்தது. பழங்காலத்திலிருந்து இருந்த மலபாரிகள் ஒரு பிரிவு, அவர்களுக்குத் தனிப் பள்ளிகள். பின்னால் வந்த பரதேசிகள் ஒரு பிரிவு. இந்தப் பரதேசிகளின் அடிமைகளாக இருந்து விடுவிக்கப்பட்டவர்களின் சந்ததி மூன்றாவது. 'மெஷுஹ்ராரிம்', அதாவது விடுவிக்கப்பட்டவர்கள் என்று அவர்களுக்குப் பெயர். அதே தோரா, அதே நோன்பு, அதே சனிக்கிழமை. ஆனால் பரதேசிப் பள்ளியில் அவர்கள் முன்னறையைத் தாண்டி உள்ளே உட்காரக் கூடாது. சுருளை வாசிக்க அவர்களை அழைக்கமாட்டார்கள். பெண் கொடுத்து வாங்கமாட்டார்கள். செத்தால் அதே இடுகாட்டில் இடமும் கிடையாது.

படிக்காததால் வந்த வினை என்று இதைச் சொல்ல முடியாது. 16ஆம் நூற்றாண்டிலேயே கொச்சியிலிருந்து இந்தப் பாகுபாடு பற்றிக் கெய்ரோவுக்குக் கடிதம் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். அங்கே இருந்த மாபெரும் சட்ட அறிஞர் டேவிட் இப்னு சிம்ரா பதில் எழுதினார். முறைப்படி முழுக்குச் செய்துவிட்டால் அவர்கள் எந்தக் குறையும் இல்லாத யூதர்கள், மண உறவும் வைத்துக்கொள்ளலாம் என்பது அவருடைய தீர்ப்பு. ஆகக் கேள்விக்கு விடை புத்தகத்திலேயே இருந்தது. தினம் புத்தகம் படிக்கும் சமூகம் அந்த ஒரு பக்கத்தை மட்டும் நானூறு வருஷம் தாண்டித் தாண்டிப் போனது.

இங்கேதான் நம் சேலம், அதாவது ஏ.பி. சலேம் வருகிறார். ஆபிரகாம் பாராக் சலேம், 1882இல் பிறந்தவர், விடுவிக்கப்பட்டவர்களின் வகுப்பு. தாய் ஒருத்தியாக நின்று வளர்த்த பிள்ளை. எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் படித்துவிட்டு, மேற்படிப்புக்குச் சென்னை போய்ப் பட்டமும் சட்டமும் முடித்தார். அந்தச் சமூகத்தில் முதல் பட்டதாரி அவர்தான். கொச்சியிலிருந்து சென்னைக்கு ரயிலில் போகிறவர் நம் சங்ககிரி துர்க்கம் ஸ்டேஷனையும் சேலம் ஜங்ஷனையும் தாண்டித்தான் போக வேண்டும். தன் பெயரில் ஒரு ஸ்டேஷன் வந்ததைப் பார்த்து அந்த இளைஞர் சிரித்திருப்பார் என்று நானாகக் கற்பனை செய்துகொள்கிறேன். அவர் பெயர் எபிரேயத்தில் சமாதானம் என்ற பொருள் கொண்ட வேரிலிருந்து வந்தது. நம் சேலத்துக்குச் சொல்லப்படும் காரணங்கள் வேறு.

ஊர் திரும்பி வக்கீலானார். தொழிற்சங்கத்தில் உழைத்தார். 1925 முதல் 1931 வரையிலும், மறுபடி 1939 முதல் 1945 வரையிலும் கொச்சி சட்டசபையில் இருந்தார். பூரண சுயராஜ்யத் தீர்மானம் போட்ட 1929 லாகூர் காங்கிரசுக்கும் போய் வந்தார். சட்டசபையில் அவர் பேசினால் திவான் கேட்க வேண்டும். ஆனால் சனிக்கிழமை தன் பள்ளிக்குப் போனால் முன்னறையோடு நிற்க வேண்டும். ஐந்து வயதிலிருந்து படித்த தோராவைச் சபையில் வாசிக்க அவரை யாரும் அழைக்கமாட்டார்கள்.

அவர் வேறு பள்ளிக்குப் போயிருக்கலாம். கோபித்துக்கொண்டு படிப்பையே விட்டிருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. காந்தியின் சத்தியாக்கிரகத்தைப் பள்ளிக்குள் கொண்டுவந்தார். சில காலம் வழிபாட்டைப் புறக்கணித்தார். உண்ணாவிரதம் இருக்கவும் துணிந்தார், மற்றவர்கள் சமாதானம் சொல்லித் தடுத்தார்கள். பிறகு பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு போராட்டத்தைத் தொடர்ந்தார். வைக்கம் போராட்டமும் 1936 திருவாங்கூர் ஆலயப் பிரவேசப் பிரகடனமும் நடந்த காலம் அது. 'யூத காந்தி' என்று அவருக்குப் பெயர் வந்தது. படிப்படியாகத் தடைகள் விழுந்தன. உள்ளே உட்காரும் உரிமை வந்தது, வாசிக்கும் உரிமை வந்தது. 1967இல் அவர் காலமானபோது அவரை அடக்கம் செய்தது பரதேசிகளின் இடுகாட்டில்.

ஆனால் அதற்குள் பள்ளிகளே காலியாகிக்கொண்டிருந்தன. 1948இல் இஸ்ரேல் உருவானபோது கேரளத்தில் ஏறக்குறைய 2,400 யூதர்களும் எட்டுப் பள்ளிகளும் இருந்தன. போகத் துடித்தவர்களை அங்கிருந்த மருத்துவ அதிகாரிகள் யானைக்கால் நோய்ப் பயத்தால் இழுத்தடித்தார்கள். 1953இல் சலேமே நேரில் போய் இவர்களுக்காகப் பேசினார். 1954, 55இல் பெரும்பாலோர் கிளம்பிவிட்டார்கள். மாளா என்ற ஊரில் பள்ளியையும் இடுகாட்டையும் பஞ்சாயத்திடம் ஒப்படைத்துவிட்டு ஊரே போனது. நெவாத்திம், மெசிலாத் சியோன் போன்ற விவசாயக் குடியிருப்புகளில் போய் மண்ணைக் கொத்தினார்கள். மட்டாஞ்சேரியில் இருந்த கடவும்பாகம் பள்ளியின் உட்புற மரவேலை இன்று ஜெருசலேமில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சலேம் போகவில்லை, கொச்சியிலேயே இருந்துவிட்டார். அவர் இறந்த மறு வருஷம், 1968இல், பரதேசிப் பள்ளியின் 400ஆம் ஆண்டு விழாவுக்கு இந்திரா காந்தி வந்தார். நம் அரசு தபால் தலையும் வெளியிட்டது.

ஓய்வு பெற்ற பிறகு 2014இல் நான் மறுபடி மட்டாஞ்சேரி போனேன். மண்டிகள் பலவும் கைவினைப் பொருள் கடைகளாகிவிட்டன. தெருவில் 'ஏ.பி. சலேம் ரோடு' என்று பலகை பார்த்தேன். அந்த ஜன்னல் மூடியிருந்தது. சீட்டு வாங்கிக்கொண்டு பள்ளிக்குள் போனேன். நீலமும் வெள்ளையுமான சீன ஓடு பதித்த தரை, கண்ணாடிக் குடுவை விளக்குகள், எல்லாம் அப்படியே இருந்தன. நான் சொன்ன அந்தப் பத்துக் கணக்குத்தான் இல்லை. ஊரில் மீதி இருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். வெளிநாட்டு யூதப் பயணிகள் வந்து சேர்ந்து பத்துப் பேர் ஆனால்தான் சுருளைப் பிரித்து வாசிக்க முடியும். ஒரு காலத்தில், படித்து வைத்துக்கொண்டு வாசிக்கக் காத்திருந்தவர்களை முன்னறையிலேயே நிறுத்தி வைத்த பள்ளி அது.

அந்த முன்னறையில் நிற்கும்போது எனக்கு வேறொரு வாசல் ஞாபகம் வந்தது.

1962ஆக இருக்கும், எனக்குப் பதினோரு வயது. எங்கள் கிராமத்தில் மார்கழி பஜனை. விடியற்காலை குளிரில் துண்டைப் போர்த்திக்கொண்டு திருப்புகழ் பாடுவோம். அருணகிரிநாதர் பாடிய திருச்செங்கோடு நமக்கு எட்டிப் பார்க்கும் தூரம் என்பதால் செங்கோட்டுப் பாட்டுகள் கட்டாயம் உண்டு. என் வகுப்புப் பையன் ஒருவன் தினமும் வந்து வேப்பமரத்தடியில், வாசலுக்கு அந்தப் பக்கம் நிற்பான். காலனிப் பையன். உள்ளே வரக் கூடாது. ஒரு நாள் பாடிக்கொண்டிருந்த பெரியவருக்கு நடுவில் அடி மறந்துபோனது. திருப்புகழ்ச் சந்தம் உங்களுக்குத் தெரியும், ஒரு சொல் விட்டால் வண்டி குடை சாய்ந்துவிடும். எல்லோரும் விழித்தோம். வெளியிலிருந்து அவன் அடுத்த அடியை எடுத்துக் கொடுத்தான், தாளம் பிசகாமல்.

உள்ளே இருந்த ஒருவர் எழுந்து போய் அவனை அதட்டி விரட்டினார். அவன் ஓடியதைப் பார்த்து நாங்கள் பையன்கள் சிரித்தோம். நானும் சிரித்தேன். மறுநாளிலிருந்து அவன் வரவில்லை. பிழை வந்தால் கேட்கிறவர்கள் உரக்கத் திருத்த வேண்டும் என்ற யூதர் வழக்கத்தை ஒரு புத்தகத்தில் படித்தபோது, அந்த வேப்பமரம்தான் என் கண்ணில் நின்றது. அந்த வழக்கம் இருந்த பள்ளியிலேயே சலேமை வெளியே நிறுத்தினார்கள் என்று படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். மறுபடி எடுக்க இரண்டு மூன்று நாள் ஆயிற்று.

இஸ்ரேலுக்குப் போனவர்கள் படிப்பை விட்டுவிடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரூபி டேனியல் என்ற பெண்மணி 1912இல் கொச்சியில் பிறந்தவர், சலேமைப் போலவே விடுவிக்கப்பட்டவர்களின் வகுப்பு. உலகப்போரின்போது இந்தியக் கடற்படையில் வேலை பார்த்தார். 1951இல் இஸ்ரேல் போனார். வயதான பிறகு, பழைய நோட்டுப் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு மலையாள யூதப் பாட்டுகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க ஆரம்பித்தார். அவருடைய நினைவுக் குறிப்பு 1995இல் புத்தகமாக வந்தபோது அவர் எண்பது வயதைத் தாண்டியிருந்தார். 2004இல் கொச்சிப் பெண்களின் பாட்டுகள் ஜெருசலேமில் ஒலித்தட்டாக வந்தன. பாட்டிகள் கூடி மறந்த அடிகளை ஒருவருக்கொருவர் எடுத்துக் கொடுத்துப் பாடுகிறார்கள்.

இதையெல்லாம் படித்த பிறகு, போன தை மாதம் பழைய வகுப்புத் தோழர்களிடம் விசாரித்து, அந்தப் பையனின் போன் நம்பரை வாங்கினேன். பையன் என்கிறேன், அவருக்கும் என் வயதுதான். அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்று வெளியூரில் மகன் வீட்டில் இருக்கிறார். அந்தக் காலத்தில் நான் 'வாடா போடா' என்பேன், அவர் என்னைச் 'சின்னவரே' என்று கூப்பிட வேண்டும். இப்போது இரண்டு பேரும் வாங்க, போங்க என்றே பேசிக்கொண்டோம். சர்க்கரை, முழங்கால், பேரன் பேத்தி எல்லாம் விசாரித்து முடித்த பிறகு அந்த மார்கழியைப் பற்றி மெதுவாகப் பேச்செடுத்தேன்.

"அதெல்லாம் எதுக்குங்க இப்ப" என்றார். கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் பேச்சில்லை.

"பாட்டெல்லாம் ஞாபகம் இருக்குதுங்களா?" என்று கேட்டேன்.

"மறந்தாத்தானுங்க. தினம் காலைல பாடறேன். பேத்திக்கும் சொல்லிக் குடுத்துக்கிட்டிருக்கேன். அவ ஒரு எடத்துல அடியை விட்டுட்டு விட்டுட்டுப் போறா, நானும் எடுத்துக் குடுத்துக்கிட்டே இருக்கேன்" என்றார்.